அடிக்காமல் விட்ட வரிகள்

இடப்பக்கக் கட்டத்தை அப்படியே நகலெடுத்து வலப்பக்கம் ஒட்டி, பிறகு உள்ளே இருக்கிற வாசகத்தை மட்டும் மாற்றுவது பெரியக்காவின் பழக்கம். பாடநூல் பக்கம் வடிவமைக்கிற எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். எழுத்தின் அளவு, வரிகளின் இடைவெளி, ஓரத்துக் கோடு எல்லாம் இரண்டு பக்கமும் அச்சாக ஒன்றுபோல் வரும். அதில் ஒரே ஓர் ஆபத்து உண்டு. மாற்ற மறந்த வரி, கூச்சமே இல்லாமல், ஏதோ தன் சொந்த வீட்டில் உட்கார்ந்திருப்பதுபோல அங்கேயே உட்கார்ந்துவிடும். இத்தனை வருடத்தில் பெரியக்கா அப்படி ஒரு வரியை விட்டதில்லை. அந்த அலுவலகத்தில் மேலாளர் உட்பட எல்லோருக்கும் அவள் பெரியக்காவானதே வயதால் மட்டுமல்ல, அந்தக் கண்ணால்தான்.

இந்த வாரம் கண் எங்கேயோ இருந்தது. பாடத்தின் பெயர் ‘இரு சமயங்கள்: ஓர் ஒப்பீடு.’ இடப்பக்கம் கிறிஸ்தவம், வலப்பக்கம் இஸ்லாம். நிறுவியவர், பிறந்த இடம், வேதம், அடிப்படை நம்பிக்கைகள் என்று ஒன்றன் கீழ் ஒன்றாகக் கட்டங்கள். வேறொரு வாரமாக இருந்தால் இந்த மாதிரிப் பக்கத்தை மென்று துப்பிவிட்டு அடுத்ததைக் கேட்டிருப்பாள். இந்த வாரம் அந்தப் பக்கம் அவளை மென்றுகொண்டிருந்தது. பெரியக்கா மாதா கோயில் பூசையைத் தவறவிடாதவள். நாளைக் காலை அவளுடைய ஒரே மகனுக்கு முஸ்லிம் முறைப்படி நிக்காஹ். வரமாட்டேன் என்று அவள் சொல்லியாகிவிட்டது.

மகனுக்கு ஆஸ்பத்திரியில் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. பெண்ணும் அங்கேதான். மூன்று வாரத்துக்கு முன்பு ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே சொன்னான்: “ம்மா, நான் முஸ்லிம் ஆயிட்டேன். அவளுக்காக மட்டும் இல்ல. படிச்சேன், ரொம்ப யோசிச்சேன். மனசு அங்கதான் நிக்குது.” அவளுக்காக என்று மட்டும் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பாள். காதலுக்குக் கண்ணில்லை என்று அந்தப் பெண் தலையில் பழியைப் போட்டுவிட்டு ஆசை தீர அழுதிருக்கலாம். படித்தேன், யோசித்தேன் என்றால் யார் தலையில் போடுவது? “அப்ப இந்த வீட்டுச் சாவிய வச்சிட்டுப் போ” என்றாள். ஒரு பேச்சுக்குத்தான் சொன்னாள். ஆனால் பிடிவாதத்தில் பிள்ளை அவளையே உரித்துவைத்தவன். கையைக் கழுவிவிட்டு வந்து சாவியை மேசைமேல் வைத்துவிட்டுப் போனான்.

போன திங்கட்கிழமை அவள் வலப்பக்கக் கட்டத்தில் பாதி வரிகளை மாற்றியிருந்தபோது கைப்பேசி அடித்தது. அவன்தான். “நீ வரலன்னா நான் யாரு பக்கத்துலம்மா ஒக்காருவேன்?” என்றான். “ஒன் அல்லா பக்கத்துல போய் ஒக்காரு” என்று சொல்லி வைத்துவிட்டாள். வைத்த பிறகுதான் தன் வாய் சொன்னது தன் காதில் விழுந்தது. கொட்டின பாலை அள்ள முடியுமா? கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மேலாளர் வந்து பக்கம் முடிந்ததா என்று கேட்க, முடிந்தது என்று அப்படியே அனுப்பிவிட்டாள்.

இன்று அது திரும்பி வந்திருந்தது. பக்கத்தைச் சரிபார்க்க ஒரு பாதிரியாரும் ஒரு மௌலவியும் இருந்தார்கள். ‘நிறுவியவர்’ என்ற தலைப்பை இரண்டு பேருமே அடித்திருந்தார்கள். இயேசு ஒரு சமயத்தை நிறுவிவிட்டுப் போனவர் இல்லை, நாங்கள் நம்புவதே அவரைத்தான் என்று பாதிரியார் ஓரத்தில் எழுதியிருந்தார். முகம்மது நபி புதிதாக எதையும் தொடங்கவில்லை, ஆதம் நபி காலத்திலிருந்து வந்த ஒரே செய்தியின் கடைசித் தூதர் அவர், அவரை நாங்கள் வணங்குவதும் இல்லை என்று மௌலவி எழுதியிருந்தார். “ரெண்டு பேரும் ஒத்துப்போன ஒரே எடம், நம்ம தலைப்பு தப்புங்கறதுதான்” என்று மேலாளர் சிரித்தார். பெரியக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் அதற்குள் கீழே இருந்ததைப் பார்த்துவிட்டாள்.

வலப்பக்கத்தில் அடிப்படை நம்பிக்கைகள். இறைவன் ஒருவனே, முகம்மது நபி அவனுடைய இறுதித் தூதர், தொழுகை, நோன்பு, தானம் வரை சரியாக இருந்தது. அதற்குக் கீழே இருந்ததெல்லாம் இடப்பக்கத்துச் சரக்கு. இயேசு கன்னி மரியாளிடம் பிறந்தார். நோயாளிகளைக் குணமாக்கினார். அவர் இறைவனின் மகன். சிலுவையில் இறந்து உயிர்த்தெழுந்தார். மீண்டும் வருவார். மற்ற பேச்செல்லாம் இருக்கட்டும், தொழிலில் இப்படி ஒரு பிழையா என்று அவளுக்குக் காது சுட்டது. ஆனால் அதைவிட விசித்திரமாக இருந்தது மௌலவியின் பென்சில். கன்னியிடம் பிறந்ததை அவர் அடிக்கவில்லை. பெயர்களை மட்டும் ஈஸா நபி, மர்யம் என்று திருத்தியிருந்தார். குணமாக்கியதையும் அடிக்கவில்லை; இறைவனின் அனுமதியால் என்று சேர்த்திருந்தார். மீண்டும் வருவார் என்பதைத் தொடவே இல்லை. மகன் என்பதையும் சிலுவையையும் மட்டும் இரண்டு கோடு போட்டு அடித்திருந்தார்.

பெரியவர் கவனிக்காமல் விட்டுவிட்டார் என்று நினைத்துக்கொண்டு மௌலவியைக் கைப்பேசியில் கூப்பிட்டாள்.

“ஐயா, மன்னிக்கணும். எங்க பக்கத்து வரிங்க ஒங்க பக்கத்துல வந்துருச்சு. என் தப்புதான். நீங்க முழுசா அடிக்காம விட்டுட்டீங்க.”

“தப்பா? நான் யாரோ வெவரம் தெரிஞ்சவங்க எழுதிட்டாங்கன்னுல்ல நெனச்சேன்!” மௌலவிக்குப் பின்னால் குக்கர் கத்தியது, யாரையோ அடுப்பை அணைக்கச் சொன்னார். “அதெல்லாம் எங்களுக்கும் உண்டும்மா. மர்யம் அம்மா மேல எங்களுக்கு இருக்கிற மரியாதைய நீங்க கேட்டா அசந்து போவீங்க.”

“அப்ப சிலுவைய மட்டும் ஏன் அடிச்சீங்க?” கேட்டபோது குரல் அலுவலகக் குரலாக இல்லை. அவளுக்கே தெரிந்தது.

“அத விட முடியாதும்மா. ஆண்டவன் தன் தூதரக் கொல்ல வந்தவங்க கையில சிக்க விடல, தன்கிட்ட உயர்த்திக்கிட்டான்னு நாங்க நம்பறோம்.”

“அவர் சிக்கினதாலதான் எங்களுக்கு மீட்பு.”

“தெரியும்மா. அங்கதான் வழி பிரியுது. அத மழுப்பி எழுதினா ரெண்டு பேருக்கும் பண்ற துரோகம்.”

அவள் அதோடு கைப்பேசியை வைத்திருக்கலாம். ஆனால் மூன்று வாரமாகத் தொண்டையில் நின்றது வந்துவிட்டது. “ஐயா, ஒங்க பிள்ள எங்க பக்கம் வந்திருந்தா நீங்க என்ன பண்ணியிருப்பீங்க?”

குக்கர் சத்தம் அடங்கியிருந்தது. “பொய் சொல்லக் கூடாது” என்றார் மெதுவாக. “வீட்டுப்படி ஏற விட்டிருக்க மாட்டேன்.” பிறகு, “ஏம்மா கேக்கறீங்க?” என்றார். அவள் நன்றி சொல்லி வைத்துவிட்டாள்.

அவர் வேறு ஏதாவது சொல்லியிருந்தால் தேவலை. எல்லா ஆறும் ஒரே கடல் என்று நாலு நல்ல வார்த்தை சொல்லியிருந்தால், உங்களுக்கென்ன, வந்து சேர்ந்தது உங்கள் பக்கம்தானே என்று மனதுக்குள் திட்டித் தீர்த்திருப்பாள். முகம் தெரியாத அந்த மனிதர் அவள் வாயிலிருந்தே பிடுங்கியதுபோல் பேசிவிட்டார். அதைக் கேட்க அவ்வளவு கசப்பாக இருந்தது. என்ன மனுஷன் இவர், பெற்ற பிள்ளையையா, என்றுதான் முதலில் நினைத்தாள்.

திருத்தத்துக்கு உட்கார்ந்தாள். அடித்த இரண்டு வரிகளையும் எடுத்ததும் வலப்பக்கக் கட்டத்தின் நடுவில் ஓட்டை விழுந்தது. இயேசு இருக்கிறார், அவருடைய அம்மா இருக்கிறாள், அற்புதங்கள் இருக்கின்றன. வீட்டை அப்படியே விட்டுவிட்டு நடுத்தூணை மட்டும் உருவியதுபோல் இருந்தது அவளுக்கு. அந்தத் தூணில்தான் அவள் சாய்ந்திருக்கிறாள். கணவன் செத்தபோது அவன் கைக்குள் ஒரு சிலுவையை வைத்து, ஒருநாள் பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினாள். ஒரு பேச்சுக்குச் சொன்னது இல்லை அது. பரலோகத்தில் போய் நிற்கும்போது, நம்ம பிள்ளை எங்கே என்று அந்த மனுஷன் கேட்டால் என்ன சொல்வாள்? சிலுவை வேண்டாம் என்றுவிட்டான் என்பாளா? சாவியைப் பிடுங்கிக்கொண்டு அனுப்பிவிட்டேன் என்பாளா? இரண்டில் எதைச் சொன்னால் கணவன் முகம் அதிகம் வாடும் என்று யோசித்தாள். சாவிதான் என்று விடை உடனே கிடைத்தது. அதுதான் அவளை நாற்காலியில் உட்கார விடவில்லை.

“பெரியக்கா, அந்த ஈஸா நபி வரிங்களையும் தூக்கிடலாமா? ரெண்டு பேர் திருத்தத்தையும் சேத்தா எடம் இடிக்குது” என்றார் மேலாளர்.

“அது இருக்கட்டும். எடம் நான் பண்ணித் தர்றேன்” என்றாள். தலைப்பு எழுத்தின் அளவை ஒரு புள்ளி சிறிதாக்கினாள், ஓரத்தை இறுக்கினாள், பக்கத்தை அனுப்பினாள். பிறகு தலைவலி என்று சொல்லிவிட்டு இறங்கினாள்.

பேருந்தில் இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தாள். மகனிடம் என்ன சொல்லப் போகிறாள் என்று அவளுக்கே தெரியாது. திட்டத்தான் போகிறாள் என்று ஒரு நிறுத்தத்தில் தோன்றியது. காலைப் பிடித்தாவது திருப்பிக் கூட்டி வந்துவிடலாம் என்று அடுத்ததில் தோன்றியது. நடுவில் ஒருமுறை இறங்கியே விட்டாள், பின்னால் வந்தவர் “ஏறுறீங்களா, எறங்குறீங்களாம்மா?” என்று எரிந்து விழவும் மறுபடி ஏறிக்கொண்டாள். பெற்ற மனம் பித்து என்று சும்மாவா சொன்னார்கள்.

மகன் வாடகைக்கு எடுத்திருந்த வீடு மூன்றாவது மாடியில். படி முழுக்க அட்டைப்பெட்டிக் கிழிசல்கள். கதவு காற்றுக்காகத் திறந்திருந்தது. உறை பிரிக்காத மெத்தை சுவரில் சாய்ந்து நின்றது, அடுப்பு இன்னும் பெட்டிக்குள் இருந்தது. மணி அடிக்கக் கையைத் தூக்கியவள் நிறுத்தினாள். வெறும் கூடத்தில் விரிப்பைப் போட்டு அவன் தொழுதுகொண்டிருந்தான்.

அவன் பாதி முதுகும் பாதிக் கன்னமும்தான் அவளுக்குத் தெரிந்தன. குனிந்தான், நிமிர்ந்தான், நெற்றி தரையில் பட விழுந்தான். விழுந்தபோது இரண்டு உள்ளங்கால்களும் தெரிந்தன. குளிப்பாட்டிய காலத்துக்குப் பிறகு அவற்றை இப்போதுதான் பார்க்கிறாள். குதிகால் வெடித்திருந்தது. வேலைக்கு நின்று நின்று வந்திருக்கும், எண்ணெய் தடவச் சொல்ல ஆளில்லை. மாதா கோயிலில் பூசை முடிவதற்குள் நாலு முறை வெளியே போய் வருகிற பயல், இங்கே யார் சொல்லி இவ்வளவு நேரம் அசையாமல் இருக்கிறான்? அவளுக்கு ஆத்திரமாக வந்தது. அழுகையாகவும் வந்தது. கூப்பிட வாயைத் திறந்தாள். தொழுகிறவனைக் கூப்பிடுவது எந்தச் சாமிக்கும் ஆகாது என்று மூடிக்கொண்டாள். செருப்போடு நிற்கிறோம் என்று அப்போதுதான் உறைத்தது. ஒன்றைக் கழற்றிக் காலை உள்ளே வைத்தாள்.

அவன் உட்கார்ந்த வாக்கில் வலப்பக்கம் முகத்தைத் திருப்பினான். அங்கே ஜன்னல்தான் இருந்தது. அஸ்ஸலாமு அலைக்கும், உங்களுக்குச் சமாதானம், என்று உதடு அசைந்தது. பிறகு இடப்பக்கம் திருப்பினான். கதவு இடப்பக்கம். பாதி வாசகத்தில் அவன் கண் அவள்மேல் வந்து நின்றது; வாய் அப்படியே நின்றது. ஒரு மூச்சு விட்டு, முகத்தைத் திருப்பாமல், அவளைப் பார்த்தபடியே மிச்சத்தையும் சொல்லி முடித்தான். பூசையில் பாதிரியார் சமாதானம் சொன்னால் பதில் சொல்லிச் சொல்லிப் பழகிய அவள் உதடு தானாகப் பிரிந்தது. ஒரு கால் குளிர்ந்த தரையில் இருந்தது. மற்ற காலின் பெருவிரல் இன்னும் செருப்பு வாரைப் பிடித்துக்கொண்டிருந்தது.