இரண்டு சீட்டுக் காரில் அம்மா

1

இந்தக் கதை இன்று காலை பிறந்தது, இன்னும் முடியவில்லை. முடிவைச் சொல்ல வேண்டியவள் கீழே, வாசலில் நிற்கும் காரில் உட்கார்ந்திருக்கிறாள். எனக்குக் கால் ஓரிடத்தில் தரிக்கவில்லை. மாடிக்கு வந்து ஜன்னலோரம் எழுதுகிறேன். கதையில் வரும் மூத்தவன் நான்தான். ‘நான்’ என்று எழுதினால் பக்கம் முழுக்கப் புலம்பலாகிவிடுகிறது. அதனால் மூத்தவன்.

2

தம்பியின் புதுக் கார் சிறுத்தையைப் போல

[அடித்துவிட்டேன். சிறுத்தையை நான் பார்த்ததில்லை.]

தம்பியின் புதுக் கார் சிவப்பு. இரண்டு கதவு, இரண்டு சீட்டு. தரையோடு தரையாகக் கிடக்கும். கிளப்பினால் தெருவே திரும்பிப் பார்க்கும். மூத்தவனின் பழைய கார் மூன்றாவது தடவைதான் கிளம்பும். பின்கதவை வெளியிலிருந்துதான் திறக்க வேண்டும். ஆனால் அதில் ஆறு பேரும், கூரைமேல் ஒரு கட்டிலும் சேர்ந்து போனதுண்டு.

[இந்த ‘ஆனால்’ பொறாமை என்கிறாள், எட்டிப் படிக்கும் என் மனைவி. இருக்கட்டும்.]

3

அம்மாவைத் தன்னோடு வைத்துக்கொள்ளத் தம்பி வந்தான். மூத்தவன் வீடு மாடியில். அம்மாவுக்கு முழங்கால் போய்விட்டது. தம்பி வீட்டில் படியே கிடையாது. அம்மா தலையாட்டிவிட்டாள். மூத்தவன் என்ன சொல்ல முடியும்?

கைத்தாங்கலாகச் சிவப்புக் காரில் உட்கார வைத்தார்கள். பொத்தென்று உள்ளே போனாள். அவளுடைய பையும் வாக்கரும் டிக்கியில் நுழையவில்லை.

“அண்ணே, இதையெல்லாம் உன் கார்ல போட்டுக்கிட்டுப் பின்னாடியே வந்துரேன்.”

“இவ்வளவு குடுத்து வாங்கின வண்டியில ஒரு பைக்கு இடமில்லையாடா?”

“இது வேகமாப் போறதுக்குண்ணே.”

“அம்மாவை வெச்சுக்கிட்டு எங்கடா வேகமாப் போகப்போற?”

“ரெண்டு பேரும் வாயை மூடுங்கடா” என்றாள் உள்ளேயிருந்து அம்மா. “நான் கொஞ்சம் யோசிக்கணும்.”

“வெளிய வந்து யோசிம்மா.”

“எந்திரிக்க முடியலடா. அதான் யோசிக்கணும்கிறேன்.”

4

முடிவு ஒன்று: சிவப்புக் கார் போகிறது, பையோடு பழைய கார் பின்னால் போகிறது. இதுவரை எழுதிவிட்டேன். மூத்தவன் தனியாகத் திரும்பி வரும்போது அந்தப் பின்சீட்டு

[முடியவில்லை.]

முடிவு இரண்டு: அம்மா மனம் மாறி இறங்குகிறாள், மாடியேறி வருகிறாள். நன்றாகத்தான் வந்தது. மனைவி படித்தாள்.

“ஏங்க, படியேறறப்ப அத்தைக்கு வலிக்குமே. அதை எங்க எழுதியிருக்கீங்க?”

அடித்துவிட்டேன்.

முடிவு மூன்று: அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு

“பெரியவனே, வந்து தூக்கி விடுடா. இவன் ஒருத்தனால ஆகல.”

இந்தக் குரல் கதையில் இல்லை, கீழே. ஜன்னலில் எட்டிக் கேட்டேன்: “தூக்கி எங்கேம்மா விடணும்? வீட்டுக்கா, என் காருக்கா?”

“மொதல்ல தூக்கு. நின்னுக்கிட்டுச் சொல்றேன்.”

அவளைத் தூக்க இரண்டு கையும் வேண்டும். பேனாவை இங்கேயே வைத்துவிட்டுப் போகிறேன். மிச்சத்தை நீங்கள் எழுதுங்கள். எழுதும்போது என் முகத்தைப் பார்க்க வேண்டாம். அவள் காலைப் பார்த்து எழுதுங்கள்.