முகத்துவாரத்தில் போட்ட வெள்ளிக்காசு

சகாதேவனுக்குக் கைதான் முந்தும். புத்தி ஆடி அசைந்து பின்னால் வரும். அவனுடைய மீனவக் குப்பமான பசியாவரத்தில் இதைச் சொல்லாத ஆளில்லை. அன்றைக்குக் காலையிலும் அப்படித்தான் ஆயிற்று.

போலந்துக்காரர் ஒருவர் பூநாரை பார்க்க வந்திருந்தார். எண்பது தாண்டிய கிழவர். பழவேற்காட்டில் சகாதேவன் படகில் ஏறினார். கூடவே கலைவாணி, வெளியூர்க்காரர்களுக்கு வழிகாட்டும் இங்கிலீஷ் தெரிந்த பெண். ஏரி கடலோடு சேரும் முகத்துவாரம் நெருங்கியதும் கலைவாணி வழக்கப்படி இரண்டு ரூபாயைப் படகின் மூக்கில் வைத்தாள். அங்கே வைத்த காசு நீரைக் காக்கும் தாய் கங்கம்மாவுடையது. படகுக்காரன் கண்ணை மூடி வேண்டிக்கொண்டு அதைத் தண்ணீரில் போட்டுவிட வேண்டும். கரைக்குத் திருப்பிக் கொண்டுபோனால் ஆகாது.

கிழவரும் சட்டைப்பையிலிருந்து ஒரு வெள்ளிக்காசை எடுத்துப் பக்கத்திலேயே வைத்தார். அதில் நங்கூரம் மாதிரி ஒரு குறி. அடேயப்பா, இந்த வெள்ளைக்காரருக்கு நம் தாய்மேல் இவ்வளவு பக்தியா என்று சகாதேவனுக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது. கலைவாணி அந்தப் பக்கம் திரும்பிப் பூநாரைக் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் இரண்டு காசையும் அள்ளிக் கண்ணை மூடி வேண்டி, வீசிவிட்டான். கண்ணைத் திறந்தால், கிழவர் கையில் கேமராவோடு அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். கை கூப்பினார். அவனும் கூப்பினான்.

கரையேறி, கிழவரைக் காரில் உட்கார வைத்துவிட்டுக் கலைவாணி திரும்பி வந்தாள்.

"இன்னா சித்தப்பா பண்ணிட்டே? அது காணிக்கை இல்லியாம். படம் எடுக்க வச்சாராம். இப்பத்தான் சொல்றாரு."

இரண்டாம் உலகப்போரில் வார்சா நகரத்து ஜனங்கள் ஜெர்மன் படையை எதிர்த்து அறுபத்து மூன்று நாள் போராடிய எழுச்சியின் நினைவாக வந்த காசு அது. நங்கூரம் அந்தப் போராளிகளின் குறி. அந்தப் போராட்டத்தில் செத்தவள் அவருடைய அம்மா. அப்போது இவர் கைக்குழந்தை. அம்மாவுக்குச் சமாதியும் இல்லை, ஒரு படமும் இல்லை. போகிற ஊரிலெல்லாம் காசை வைத்துப் படம் எடுப்பாராம், அம்மாவுக்கு ஊர் காட்டுவது போல.

"அவர இருக்கச் சொல்லு. நான் போய் தடவிப் பாக்கறேன்" என்று சகாதேவன் படகுப் பக்கம் நடந்தான்.

"அந்த நீரோட்டத்துல இன்னாத்த தடவுவே?"

அவன் நின்றான். அவளைவிட அவனுக்கல்லவா அது தெரியும்.

"ஒரு சத்தம் போட்டு என்னைத் தடுத்திருக்கலாமே அவரு."

"நானும் கேட்டேன். எங்கம்மாவுக்காக இதுவரைக்கும் யாரும் இப்படிக் கண்ண மூடி நின்னதில்ல, எப்படித் தடுக்கறதுனு சொல்றாரு. நீ இன்னா வேண்டிக்கினேனு கேட்டுக்கினு வரச் சொன்னாரு."

கிழவர் கார் கண்ணாடியை இறக்கி இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். வலையில் நண்டு நிறைய விழ வேண்டும், இன்ஜின் இன்னும் ஒரு வருஷம் தாங்க வேண்டும். சகாதேவன் வேண்டியது அவ்வளவுதான்.

"அவுங்க அம்மாவுக்குத்தான்னு சொல்லு" என்றான்.

கலைவாணி போய்ச் சொன்னாள். கிழவர் இறங்கி வந்து அவன் தோளில் முகத்தைப் புதைத்து அழுதார். அந்த அழுகையை வாங்கிக்கொள்ள எனக்கு என்ன யோக்கியதை என்று குன்றிப்போய் நின்றான் சகாதேவன்.