ஹஸ்னாவின் சிரிப்பு

அலெப்போவில் எங்கள் குடும்பத்துப் பெண் எவளும் நீதிமன்றப் படி ஏறியதில்லை. என் மகள் ஹஸ்னா ஏறினாள். சோப்பு வணிகர் தர்வீஷுக்கு நான் அவளை நிக்காஹ் செய்துகொடுத்தது செல்லாது என்பது அவள் வழக்கு. தர்வீஷின் குலம் எங்களுக்குச் சமமானது. எனக்கு அது போதுமாக இருந்தது.

"பொண்ணுகிட்ட சம்மதம் கேட்டீங்களா, ஷேக்?" என்றார் நீதிபதியான காஜி.

"கேட்டேன். சிரிச்சா. கன்னிப்பொண்ணுக்கு வெட்கம்தான் இயற்கை. அவ மௌனமும் சம்மதம், சிரிப்பும் சம்மதம். நம்ம சட்டமே அப்படித்தானே சொல்லுது?"

திரைக்குப் பின்னாலிருந்து ஹஸ்னா பேசினாள். "வாப்பா, அவரு உங்களைவிட ரெண்டு வயசு மூத்தவரு. 'நல்ல திடமான மாப்பிள்ளை'ன்னு சொன்னீங்க. சிரிக்காம என்ன செய்வேன்?"

கூடத்தில் பலர் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

காஜி மட்டும் சிரிக்கவில்லை. "கேலிச் சிரிப்பு சம்மதமாகாது. அவ மனசு, படைச்சவன் அவளுக்குக் கொடுத்தது. தகப்பனுக்கு அதுல பங்கில்ல. வெட்கத்துலதான் சிரிச்சான்னு அல்லாஹ் மேல ஆணையிடுங்க, நிக்காஹ் நிக்கும்."

பொய்ச் சத்தியம் செய்த வாய் எங்கள் குலத்தில் இல்லை.

"வெட்கம் இல்ல. என்னைப் பார்த்துத்தான் சிரிச்சா," என்றேன். கூடம் முழுவதும் கேட்டது.

நிக்காஹ் செல்லாது என்று எழுதினார்கள். வாசலில் அவள் என் கையை முத்தமிட வந்தாள். நான் கையை அங்கிக்குள் இழுத்துக்கொண்டேன். படைத்தவன் கொடுத்த மனதை அவள் வைத்துக்கொள்ளட்டும். என் கையைக் கொடுக்கச் சொல்லி எந்தக் காஜியும் தீர்ப்பு எழுத முடியாது.