எண்ணாத பிள்ளைகள்

மடாரென்று பரண் முறிந்தது. கூடவே ஒரு பெண்ணின் அலறல். அதற்குப் பிறகு போறணைக்குள்ளிருந்து ஓர் இருமல்கூட வரவில்லை.

குணலட்சுமி தலையில் இருந்த தேங்காய் மட்டைப் பொச்சுக் கடகப் பெட்டியை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். விடிந்தும் விடியாத நேரம். ஆறு மாத வயிறு அவளை முன்னுக்கு இழுத்தது.

போறணை என்பது ஜன்னல் இல்லாத மண் வீடு. நடுவில் ஒரு கிடங்கு. கிடங்குக்குள் தேங்காய்ப் பொச்சும் காய்ந்த பனங்கொட்டை ஊமலும் இரவு பகலாகப் புகையும். மேலே பனஞ்சலாகைப் பரண். அதில் குலை குலையாகப் புகையிலை தொங்கும். சீராகப் புகை பிடிக்க, அடிக்கடி ஒருவர் பரணில் ஏறிக் குலைகளைத் திருப்பிவிட வேண்டும். முன்பு அது ஆண்கள் செய்த வேலை. இளந்தாரிகளில் பாதிப் பேர் இயக்கத்துக்கும் மீதிப் பேர் வெளிநாட்டுக்கும் போய்விட்ட பிறகு, சிவசுப்பிரமணியம் முதலாளி பெண்களை ஏற்றினார். பெண்கள் பாரம் குறைவு, பரண் தாங்கும் என்றார்.

பரண் தாங்கவில்லை.

குணலட்சுமி சேலைத் தலைப்பை மூக்கில் இறுக்கிக்கொண்டு புகைக்குள் தவழ்ந்தாள். கண் இரண்டும் அவிந்துபோனது போல எரிந்தது. கையில் ஒரு கால் தட்டுப்பட்டது. இழுத்தாள். இன்னும் இரண்டு பெண்கள் வந்து சேர்ந்து இழுத்தார்கள். வெளியே வந்தது கனகாம்பிகை. ஐந்து மாதக்காரி. முகமெல்லாம் கரி. முறிந்த சலாகை ஒன்று தொடைக்குள் ஏறி நின்றது. இடுப்புக்குக் கீழே சேலை நனைந்து, மண் கறுத்துக்கொண்டே போனது.

மேற்பார்வைக்காரன் சீவரத்தினம் பூவரசந்தடியோடு ஓடிவந்தான். அவனுடைய கண் போனது புகையிலைக்கு.

"இலையிலை ரத்தம் படப்போகுது! குலையளை அங்காலை எடுங்கோடி!"

"மனிசி சாகிறாள், உனக்கு இலையோ?" என்று கத்தினாள் ஞானாம்பிகை. போறணைக்குப் பக்கத்துச் சுருட்டுக் கொட்டிலில் இருபது வருடமாக இலை நரம்பு உரித்து விரல் நுனிகள் மஞ்சளாகிப் போனவள் அவள்.

முதலாளியின் கார் முற்றத்தில்தான் நின்றது. அவர் பல் விளக்கிக்கொண்டே வந்து பார்த்தார்.

"முதலாளி, காரை எடுங்கோ!"

"பெற்றோல்தான் இல்லை, காருக்கு ஊத்த மண்ணெண்ணெய்க்கு நான் எங்கை போறது? அதோடை உந்த ரத்தம் பட்டால் சீற் நாறிப்போம். கைவண்டிலிலை ஏத்துங்கோ."

புகையிலை ஏற்றும் வண்டிலில், புகையிலைச் சாக்கின் மேல் கனகாம்பிகையைக் கிடத்தினார்கள். குணலட்சுமியும் ஞானாம்பிகையும் தள்ளினார்கள். பருத்தித்துறை வீதியில் ஏறிக் கொஞ்சத் தூரம் போவதற்குள் வடக்கே இருந்து இராணுவ ஹெலியின் இரைச்சல் வந்தது. வீதியில் போனவர்கள் எல்லாம் வேலிகளுக்குள் பாய்ந்தார்கள். வண்டிலை எங்கே ஒளிப்பது? குணலட்சுமி கனகாம்பிகையின் மேல் கவிழ்ந்து படுத்தாள். தலைக்கு மேலே வானம் கிழிந்தது. குண்டுகள் பட்டுத் தார் தெறித்தது. முன்னால் போன சைக்கிள்காரர் வேலியோடு சாய்ந்தார். ஹெலி போன பிறகும் அவர் எழும்பவில்லை.

தன் வயிற்றுக்குள் ஒரு உதை. "இருக்குது" என்று நினைத்தாள் குணலட்சுமி. அவளுக்குக் கீழே கிடந்தவளின் வயிற்றில் அசைவே இல்லை.

ஆஸ்பத்திரியில் கனகாம்பிகை பிழைத்தாள். பிள்ளையைப் பழந்துணியில் சுற்றி ஒரு வாளியில் கொண்டுபோனார்கள்.

வார்டுக்கு வெளியே குணலட்சுமியின் தோளைத் தொட்டாள் மகாதேவி. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிப் பல்கலைக்கழகத்தில் டொக்டருக்குப் படிக்கிறவள். தாயின் வேலை வயிற்றுப் பிள்ளையை என்ன செய்கிறது என்று ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். இரண்டு மாதத்துக்கு முன் சைக்கிள் கரியரில் தராசைக் கட்டிக்கொண்டு கொட்டிலுக்கு வந்து, பதினாறு பெண்களையும் நிறுத்து, கேள்வி கேட்டு, கொப்பியில் எழுதிக்கொண்டு போனவள். நீர்வேலி வாழைத் தோட்டங்களில் வேலை செய்யும் பெண்களிடமும் அதே கேள்விகளைக் கேட்டிருந்தாள்.

"அக்கா, கனகாம்பிகையக்கா தனக்குக் கரு அழிஞ்சது இது மூண்டாவது எண்டு சொல்லுறா. என்ரை கொப்பியிலை அவவுக்கு ஒண்டும் அழியேல்லை எண்டிருக்கு. அவவுக்கு மட்டுமில்லை. பதினாறு பேருக்குமே இல்லையாம்."

"ஓம். அப்பிடித்தான் சொன்னனாங்கள்."

"ஏனக்கா?"

"நான் பக்கத்திலை இருந்தனான்."

"எனக்கு விளங்கேல்லை."

குணலட்சுமி சேலையில் காய்ந்துபோன ரத்தத்தை நகத்தால் சுரண்டினாள். "வயித்தோடை இருக்கிறவளுக்கு முன்னாலை அழிஞ்சதுகளைக் கதைக்கக் கூடாது, தங்கச்சி. எண்ணவும் கூடாது. எண்ணினால் அது வந்து இதையும் தொடுமெண்டு சொல்லுவினம். எனக்காகத்தான் எல்லாரும் பொய் சொன்னவை. எனக்கும் முந்தி ரண்டு போனது. கனகமும் வயித்தோடை இருந்தவள்; அவளுக்காக நானும் வாயைப் பொத்தினன்."

மகாதேவி சுவரோடு சாய்ந்தாள். "வாழைத் தோட்டத்திலை வீடுவீடாய்ப் போய்த் தனியத் தனியக் கேட்டனான். உங்கடை கொட்டிலிலை எல்லாரையும் ஒண்டாய் இருத்திக் கேட்டுப்போட்டன். என்ரை பிழை." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "இன்னொரு பிழையும் விட்டிட்டன் அக்கா. கொட்டிலுக்குள்ளை விட்டதுக்கு முதலாளி நான் எழுதின கணக்கிலை ஒரு பிரதி கேட்டவர். எழுதிக் குடுத்திட்டன்."

மறுநாள் காலை முறிந்த பரணைப் புதுச் சலாகை போட்டுக் கட்டி முடித்திருந்தார்கள். கிடங்கு புகைந்தது.

கொட்டிலுக்குள் ஆண்கள் பலகைகளின் முன் வரிசையாக இருந்து சுருட்டுச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஒரு நீண்ட மர வாங்கு. அதில் ஏரம்பு அண்ணை இருந்து உரத்துப் பேப்பர் வாசித்தார். எத்தனையோ வருட வழக்கம் அது. அவர் சுற்ற வேண்டிய சுருட்டுகளை மற்றவர்கள் பங்கு போட்டுச் சுற்றிக் கொடுப்பார்கள்.

முதலாளி வாசலில் வந்து நின்றார். "குணலட்சுமி, நீ மேலை ஏறு. கனகத்தின்ரை வேலை இனி உன்ரை."

குணலட்சுமி பரணின் ஏணியைப் பார்த்தாள். புருசன் பஞ்சலிங்கம் மேசன். அரசாங்கம் சீமெந்துக்குத் தடை போட்ட நாளிலிருந்து சாந்துக் கரண்டி வீட்டு மூலையில் கிடந்தது. இந்தக் கூலியும் இல்லையென்றால் அடுப்பில்லை. ஏறினால் பிள்ளையில்லை.

"முதலாளி, பிள்ளை பெறுமட்டும் வெளி முத்தத்திலை இருந்து நரம்பு உரிக்கிறன். இந்தப் புகையாலை எனக்கு ரண்டு அழிஞ்சு போட்டுது. இதையாவது..."

"ரண்டு போனதோ? எப்ப?" முதலாளி மடியிலிருந்து ஒரு தாளை எடுத்தார். "ஏரம்பு, நீதானே நல்லா வாசிக்கிறனி. இதையும் ஒருக்கா வாசி பாப்பம்."

ஏரம்பு அண்ணை கண்ணாடியைச் சரிசெய்தார். "வாழைத் தோட்டங்களில் வேலை செய்யும் நாற்பது பெண்களில் ஒன்பது பேருக்குக் கரு அழிந்துள்ளது. புகையிலைக் கொட்டிலில் வேலை செய்யும் பதினாறு பெண்களில்..." அவர் குரல் தயங்கியது. "எவருக்கும் அழியவில்லை."

"கேட்டியளோ? கம்பசிலை டொக்டருக்குப் படிக்கிறவளின்ரை எழுத்து! வாழைக்காத்தைவிட என்ரை புகை நல்லதாம். உங்கடை வாயாலை சொன்னதுதானே? இப்ப கள்ளக் கதை கதைக்கிறாள். ஏறடி!"

குணலட்சுமி அசையவில்லை. சீவரத்தினம் அவளுடைய கொண்டையைப் பிடித்துப் போறணைப் பக்கம் தள்ளினான். கதவு நிலையில் அவள் நெற்றி மோதியது. புருவம் வெடித்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது.

அந்த நேரம் பார்த்து மகாதேவியின் சைக்கிள் வந்து நின்றது.

"அந்தத் தாள் பிழை, ஐயா! நான் கேட்ட விதம் பிழை. திரும்ப எழுத வந்திருக்கிறன்."

"திரும்பவோ? என்ரை ஆக்களைக் குழப்ப வந்தியோ?" முதலாளியின் கை ஓங்கியது. அறை விழுந்த சத்தத்தில் சுருட்டுக்காரர்கள் நிமிர்ந்தார்கள். மகாதேவியின் உதட்டிலிருந்து ரத்தம் கொப்பியில் சொட்டியது. அவர் கொப்பியைப் பறித்துப் போறணைக்குள் வீசினார். அது கிடங்கில் விழுந்தது. சீவரத்தினம் சைக்கிளைத் தூக்கிக் கல்லில் அடித்தான். கரியரில் இருந்த தராசு இரண்டாய்ப் போனது.

ஒன்றரை வருட உழைப்பு, வாழைத் தோட்டத்து நாற்பது பெண்கள், அவர்கள் தனியத் தனியச் சொன்ன துக்கம், எல்லாம் பொச்சு நெருப்பில் சுருளத் தொடங்கியது.

குணலட்சுமி யோசிக்கவில்லை. போறணைக்குள் பாய்ந்து, கிடங்கின் விளிம்பில் முழங்காலில் விழுந்து, தணலுக்குள் கையை விட்டாள். தோல் பொசுங்கும் மணம் வந்தது. கொப்பியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெளியே வந்தபோது அவளுடைய வலது கை சிவந்து, தோல் கையுறை போலக் கழன்று தொங்கியது. கொப்பியில் பாதிதான் மிச்சம்.

அதை நிலத்தில் குந்தியிருந்த மகாதேவியின் மடியில் போட்டாள். பிறகு பெண்கள் பக்கம் திரும்பினாள்.

"என்ரை பிள்ளையைக் காப்பாத்தத்தானே எல்லாரும் வாயைப் பொத்தினனீங்கள்? உங்கடை பொய்தான் இப்ப என்னைப் பரணிலை ஏத்துது. சொல்லுங்கோ. எனக்கு முன்னாலை, என்ரை வயித்தைப் பார்த்துச் சொல்லுங்கோ."

"விசரி, வேண்டாமடி!" ஞானாம்பிகை பதறிக் காதைப் பொத்தினாள். "ஆறு மாசத்திலை நிக்கிறாய். ஆகாதடி!"

"புகையை விடவோ ஆகாது?" குணலட்சுமி வெந்த கையை வயிற்றின் மேல் வைத்தாள். வலியில் பல் கிட்டியது. "எழுதுங்கோ தங்கச்சி. குணலட்சுமி. ரண்டு. முதலாவது நாலு மாசம். அடுத்தது ஏழு மாசம், ஆம்பிளைப் பிள்ளை. கையிலை நகம் வந்திருந்தது."

மகாதேவி சட்டைக் கையால் உதட்டைத் துடைத்துவிட்டு, கருகாத பக்கம் ஒன்றைத் தேடி எழுதத் தொடங்கினாள்.

ஞானாம்பிகை கையைக் காதிலிருந்து எடுத்தாள். "அம்மாளாச்சி, நீ பொறுத்துக்கொள்" என்று வானத்தைப் பார்த்துச் சொன்னாள். பிறகு குணலட்சுமியின் வயிற்றைப் பார்த்தாள். "எனக்கு நாலு."

"எனக்கு ஒண்டு. பரணிலை வைச்சே போனது."

"எனக்கு ரண்டு."

"மூண்டு. அதிலை ரண்டு இரட்டை."

சுருட்டுக்காரர் முத்துக்குமாரு கையிலிருந்த சுருட்டு வெட்டும் கத்தியை நழுவவிட்டார். மூன்று என்றவள் அவருடைய மனைவி. "ஒண்டெண்டுதானேயடி எனக்குச் சொன்னனி?"

"உங்களுக்குச் சொல்லி? அடுத்த நாளே வேலைக்கு வரவேணும். அழுதுகொண்டு நரம்பு உரிக்கேலுமே?"

கொட்டிலில் ஒரு பலகையில் வேலை நின்றது. பிறகு அடுத்தது. இலையை உருட்டும் சரசரப்பு அடங்கி, எண்கள் மட்டும் கேட்டன. ஏரம்பு அண்ணை வாங்கிலிருந்து எழும்பினார். வெறும் நிலத்தில் இருந்து எழுதிக்கொண்டிருந்த மகாதேவியைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து அதில் இருத்தினார்.

"இதிலை இருந்து எழுது பிள்ளை. இண்டைக்கு எங்களுக்கு இதுதான் பேப்பர்."

"ஏரம்பு!" முதலாளி கத்தினார். "வேலையைப் பார்! எல்லாரும் பலகையிலை இருங்கோ!"

"இருக்கிறம் முதலாளி. சுருட்டுச் சுத்தமாட்டம்." ஏரம்பு அண்ணை கண்ணாடியைக் கழற்றி மடியில் செருகினார். "வயித்தோடை இருக்கிறவை இனிப் போறணைக்குள்ளை போகமாட்டினம். முத்தத்து வேலை, அதே கூலி. கனகத்துக்குச் சுகம் வருமட்டும் அவளின்ரை கூலியும். சம்மதமெண்டால் கத்தி எடுக்கிறம்."

"கத்தியை என்ன, கஞ்சியையும் நீங்கள் எடுக்கேலாமல் செய்வன்! இண்டையோடை கொட்டில் பூட்டு. நாளைக்குப் பருத்தித்துறையிலை இருந்து ஆள் கொண்டருவன்."

"கொண்டாங்கோ. அவையளுக்கும் இதை வாசிச்சுக் காட்டுவம்."

ஆண்கள் எழுந்து வந்து பெண்களைச் சுற்றி நின்றார்கள். ஒருவர் வேட்டித் தலைப்பைக் கிழித்து நனைத்துக் குணலட்சுமியின் கையில் சுற்றினார். நாளை அடுப்பு எரியுமா தெரியாது. வயிற்றுக்குள் இருப்பது தங்குமா, அதுவும் தெரியாது. ஆனால் தன் கால்கள் பரணின் ஏணியில் இல்லை, தரையில் நிற்கின்றன என்பது மட்டும் தெரிந்தது.

முதலாளி மேற்பார்வைக்காரன் பக்கம் திரும்பினார். "சீவரத்தினம்! என்னடா பாத்துக்கொண்டு நிக்கிறாய்? உவளின்ரை கொப்பியைப் பறி! தடியாலை நாலு போடு!"

சீவரத்தினம் பூவரசந்தடியோடு நடந்தான். ஞானாம்பிகை குறுக்கே பாய்ந்தாள். அவளை ஒதுக்கிவிட்டு வந்தான். குணலட்சுமி கட்டுப்போட்ட கையை மகாதேவியின் முன்னால் நீட்டித் தடுத்தாள். தடி பிடித்திருந்த அவனுடைய கைதான் காலையில் அவளுடைய கொண்டையைப் பிடித்தது. அதில் அவளுடைய முடி இரண்டு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. முத்துக்குமாரு குனிந்து கத்தியை எடுத்தார்.

சீவரத்தினம் வாங்குக்கு முன்னால் நின்றான். எல்லோரையும் ஒரு தரம் பார்த்தான். மகாதேவியின் பென்சிலைப் பார்த்தான். தடியைத் தாழ்த்தினான்.

"எழுது பிள்ளை," என்றான். "என்ரை மனிசி சிவக்கொழுந்து, இதே பரணிலைதான் வேலை செய்தவள். மூண்டு எண்டு போடு. மூண்டாவதோடை அவளும் செத்துப்போனாள்."