நெஞ்சளவுக் கம்பி

மலைப்பாதையின் பதினோராவது வளைவில் நின்றால் பள்ளத்தாக்கு முழுக்கத் தெரியும். கீழே ஏரி, ஏரிக்கு அந்தப் பக்கம் காடு, அதற்கு மேல் அடுக்கடுக்காக மலை. அழகுதான், யார் இல்லை என்றார்கள்? ஆனால் அதைக் கண்ணால் பார்க்கிற ஆளைத்தான் காணோம். வண்டியை நிறுத்துவார்கள், இறங்கியதும் மலைக்கு முதுகைக் காட்டி நிற்பார்கள், செல்போனைப் பார்த்துப் பல்லைக் காட்டுவார்கள், ஏறிப் போய்விடுவார்கள். இதற்கா இத்தனை வளைவு சுற்றி, வழியெல்லாம் வாந்தி எடுத்து வந்தீர்கள் என்று கேட்கத் தோன்றும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் வெல்டர் ஒருவரும் இப்படித்தான் வந்தார். அவர், அவர் மனைவி, பத்தொன்பது வயது மகள். ஒரே பிள்ளை. நர்சிங் படிக்க இடம் கிடைத்திருந்தது, அந்தச் சந்தோஷத்தில் கிளம்பிய பயணம். அப்போது அந்த வளைவில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கல்சுவர்தான் இருந்தது, அதுவும் ஓரிடத்தில் சரிந்து கிடந்தது. மகள் அந்தச் சரிவில் போய் நின்றுகொண்டு, ஏரியும் சேர்ந்து விழணும்ப்பா என்றாள். போனைப் பிடித்திருந்தவர் வெல்டர். முகம் பெரிதாக விழுந்தது, ஏரி விழவில்லை. கொஞ்சம் பின்னால் போகச் சொன்னார். இன்னும் கொஞ்சம் என்றார். அவர் பார்த்துக்கொண்டிருந்தது திரையை, தரையை இல்லை. திரையில் மகள் இருந்தாள். அப்புறம் ஏரி மட்டும் இருந்தது.

பக்கத்தில் நின்று அவர் சொன்னதைக் காதால் கேட்டவள் மனைவி. அவள் மண்ணை வாரித் தூற்றவில்லை, சட்டையைப் பிடித்து உலுக்கவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு, "நீங்கதானே போகச் சொன்னீங்க" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். அதோடு அவருடன் பேச்சை நிறுத்திவிட்டாள். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் அவளுக்கு வேலை. காலையில் சமைத்து மூடி வைத்துவிட்டுப் போவாள், மாலையில் வந்து துவைப்பாள், பெருக்குவாள், படுப்பாள். கேஸ் தீர்ந்துபோனால் சிலிண்டரை வாசலில் உருட்டி வைப்பாள். அதைப் பார்த்து இவர் புரிந்துகொள்ள வேண்டும். இரண்டு வருஷம் ஒரே கூரையின் கீழ் இப்படி இருந்து பார்த்தால் தெரியும், திட்டு வாங்குவது எவ்வளவு பெரிய பாக்கியம் என்று.

அவரால் முடிந்தது ஒன்றுதான். சாலைத் துறை அலுவலகத்துக்குச் செருப்பு தேய நடந்தார். அந்த வளைவுக்குக் கம்பி வேலி போட்டே ஆகவேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். அங்கே இருந்த ஓவர்சியர் சின்ன வயசுக்காரர், கெட்டவர் இல்லை, ஆனால் எதற்கும் மேலே கையைக் காட்டுகிறவர். மனு போட்டு, மனு தொலைந்து, மறுபடி மனு போட்டு, கடைசியில் பைப்பை நாங்கள் தருகிறோம், ஆள் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். வெல்டர் வேறு ஆளைப் பார்ப்பாரா என்ன? பட்டறையைப் பூட்டிவிட்டு மெஷினோடு மலை ஏறினார்.

ஓவர்சியர் கொடுத்த வரைபடத்தில் பைப்புகள் படுக்கையாக மூன்று வரிசை ஓடின. வெல்டர் ஒத்துக்கொள்ளவில்லை. படுக்கப் போட்டால் அது வேலி இல்லை சார், ஏணி, கால் வைத்து ஏறிவிடுவார்கள் என்று வாதாடி, எல்லாவற்றையும் நெட்டுக்குத்தலாக மாற்றினார். உயரம் இடுப்பளவு என்று எழுதியிருந்தது. அதை நெஞ்சளவாக்கினார். பதினோரு நாள் வேலை. ஒவ்வொரு இணைப்பையும் சுத்தியலால் தட்டிப் பார்த்தார், திருப்தி இல்லாததை உடைத்து மறுபடி பற்றவைத்தார். உடம்பு முழுக்கத் தீப்பொறி பட்ட வடு. வலித்ததா என்றால், அந்தப் பதினோரு நாளும்தான் அவர் நிம்மதியாகத் தூங்கினார்.

வேலை முடிந்த அன்று வீட்டுக்கு வந்து, அடுக்களையைப் பார்த்துப் பொதுவாகச் சொன்னார். அந்த இடத்தை அடைச்சாச்சு, இனி ஒரு குஞ்சுகூட அந்தப் பக்கம் போக முடியாது என்றார். பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது.

"எவ்வளவு உயரம்?"

இரண்டு வருஷத்துக்கு அப்புறம் அவரைப் பார்த்து அவள் கேட்ட முதல் கேள்வி. அவர் கையைத் தன் நெஞ்சில் வைத்துக் காட்டினார். உனக்குக் கழுத்துக்கிட்ட வரும் என்றார். அவள் ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். அடுத்த மாதம் முதல் ஞாயிறு தனக்கு லீவு என்றும், வந்து பார்க்கிறேன் என்றும் சொன்னாள். அன்றைக்கு அவர் சாப்பிடும்போது எதிரில் உட்கார்ந்தாள். பேசியது என்னவோ ஒன்றுமில்லை, தண்ணீர் வேணுமா என்றுதான். வெல்டர் அந்த ஒரு டம்ளர் தண்ணீரை அரை மணி நேரம் குடித்தார்.

மூன்று வாரம் இருந்தது. அந்த மூன்று வாரம் சும்மா போயிருக்கலாம்தானே? போகவில்லை. வளைவில் வண்டி நிறுத்தியவர்களுக்கெல்லாம் வயிற்றெரிச்சல். ஜெயிலுக்குள் நின்று எடுத்த மாதிரி இருக்கிறதாம் போட்டோ. முகத்துக்குப் பின்னால் கம்பி கம்பியாக விழுகிறதாம். இணையத்தில் ஆளாளுக்கு எழுதித் தள்ளினார்கள், இந்த வேலியைப் போட்ட புத்திசாலி யார் என்று. தொப்பியும் குளிர்பானமும் விற்கிற கடைக்காரர் ஓவர்சியரிடம் மூக்கால் அழுதார், வண்டிகள் நிற்காமலே போகின்றன என்று. அந்தக் கடைக்காரர்தான் அன்றைக்குக் கயிறு கட்டிக் கீழே இறங்கி மகளை மேலே கொண்டுவந்தவர். வியாபாரம் படுத்தால் எல்லாம் மறந்துபோகும் போலிருக்கிறது.

ஓவர்சியர் வெல்டரைக் கூப்பிட்டு அனுப்பினார். முகத்தைப் பார்க்காமல், மேஜைக் கண்ணாடியைப் பார்த்துப் பேசினார். மேலிடத்தில் முடிவு செய்துவிட்டார்களாம். வேலிக்கு நடுவில் ஆறடிக்கு மட்டும் முழங்கால் உயரத்தோடு வெட்டிவிட வேண்டுமாம், போட்டோ எடுக்கிறதுக்கு.

"சார், அங்கதான் என் பொண்ணு..."

"தெரியுங்க. அதனாலதான் நானே கூப்பிட்டுச் சொல்றேன். உங்களுக்குக் கஷ்டமா இருந்தா விடுங்க, நாளைக்கு வேற ஆள் வந்து வெட்டிடுவாரு."

வேறு ஆள் என்ற வார்த்தையில்தான் வெல்டர் மாட்டிக்கொண்டார். வேறு ஆள் எப்படி வெட்டுவான் என்று அவருக்குத் தெரியும். கட்டரை வைத்து சரக் சரக்கென்று அறுத்துப் போட்டுவிட்டுப் போவான். வெட்டு வாய் கத்தி மாதிரி நிற்கும். முட்டுக் கொடுக்காமல் அறுத்தால் இரண்டு பக்கமும் வேலி ஆட ஆரம்பிக்கும், ஆறே மாதத்தில் மொத்தமும் சாய்ந்துவிடும். அந்த இடம் போனால் போகிறது, மிச்ச வேலியாவது நிற்கட்டுமே என்று நினைத்தார். நாலடி போதும் என்று கெஞ்சிப் பார்த்தார். குடும்பமாக நிற்க வேண்டாமா, ஆறடிதான் என்று ஓவர்சியர் முடித்துவிட்டார்.

ஆக, அவரே வெட்டினார். தான் பற்றவைத்ததைத் தானே அறுத்தார். வெட்டு வாயை கிரைண்டரால் உரசி, விரலால் தடவித் தடவிப் பார்த்து வழுவழுப்பாக்கினார். இரண்டு பக்கத் தூணுக்கும் முட்டுக் கொடுத்து, முழங்கால் உயரத்தில் ஒரு பைப்பைக் குறுக்கே படுக்கப் போட்டார். அதோடு விட்டிருக்கலாம். மனசு கேட்கவில்லை. எட்டிப் பார்க்கிறவர்கள் பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டாமா என்று தோன்றியது. மிஞ்சிய பைப்பை வளைத்து, உள்ளங்கைக்கு அடக்கமாக, இரண்டு தூணிலும் ஆளுக்கு எட்டுகிற உயரத்தில் கைப்பிடி வைத்தார். யாரும் கேட்கவில்லை, வரைபடத்திலும் இல்லை. ஒரு மாடு கட்டினாலும் பிய்யாது, அப்படிப்பட்ட பற்றவைப்பு.

மனைவியிடம் சொல்ல வேண்டியதுதானே? சொல்வதற்கு வாயெடுத்த ஒவ்வொரு தடவையும் அவள் ஏதாவது கேட்டாள். குழம்பில் உப்பு சரியா என்பாள், மழை வருமா என்பாள். இரண்டு வருஷம் பட்டினி கிடந்தவருக்கு அந்தச் சில்லறைப் பேச்சை இழக்க மனம் வரவில்லை. மென்று முழுங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் அவளே ஜன்னலோரம் அவருக்கு இடம் விட்டு உட்கார்ந்தாள். போன தடவை வந்த பஸ்ஸும் இதே மாதிரிதான் முனகிக்கொண்டு ஏறியது என்றாள். ஒன்பதாவது வளைவில், "அங்க ஒரு விஷயம்..." என்று ஆரம்பித்தார். அவள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். விட்டுவிட்டார்.

இறங்கியதும் அவள் நேராக வேலியின் இடது கோடிக்குப் போனாள். கம்பியைப் பிடித்து உலுக்கினாள், அசையவில்லை. கழுத்தளவுக்கு வந்தது. ஒரு கையால் கம்பிகளைத் தொட்டுக்கொண்டே நடந்தாள். முகம் இளகியிருந்தது. வெல்டர் இரண்டடி தள்ளிப் பின்னாலேயே வந்தார், தலையைத் தூக்காமல்.

நடுவில் வரிசை நின்றது. சின்னதும் பெரிதுமாக இருபது பேர் இருப்பார்கள். கடைக்காரர் ஒரு பலகையில் 'போட்டோ பாயின்ட்' என்று எழுதி, அம்புக்குறி போட்டு நட்டிருந்தார். வரிசையில் முதலாவதாக நின்ற பெண் முழங்கால் பைப்பின் மேல் ஏறி நின்றாள். வலது கையால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். உடம்பு முழுவதையும் பள்ளத்தாக்குப் பக்கம் சாய்த்து, இடது கையை விரித்து, தலையைப் பின்னால் தொங்கவிட்டுச் சிரித்தாள். எதிரில் நின்றவர்கள் கைதட்டினார்கள். அவள் இறங்க, அடுத்தவள் அதே கைப்பிடியைப் பிடித்து ஏறினாள்.

மனைவியின் கை கம்பியிலிருந்து விழுந்தது.

"இதை வெட்டினது யாரு?"

ஓவர்சியர், மேலிடம், கடைக்காரர் என்று அவர் திக்கித் திணறினார்.

"யார் சொன்னாங்கன்னு கேக்கல. வெட்டினது யாரு?"

"நான்தான்மா. வேற ஆள் வெட்டினா மொத்தமும் ஆடிப்போயிடும்..."

"அந்தக் கைப்பிடி?"

"அதுவும் நான்தான். எட்டிப் பார்க்கிறவங்க விழாம புடிச்சுக்கட்டுமேன்னு வெச்சேன்."

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். குரலை உயர்த்தவில்லை.

"அன்னிக்கு வாயால சொன்னீங்க. இன்னிக்குக் கையால செஞ்சே வெச்சுட்டீங்க."

கீழே போகிற பஸ் வந்து நின்றது. அவள் ஏறினாள். வெல்டர் பஸ் வளைவு திரும்பும்வரை பார்த்துவிட்டு, வரிசையை இடித்துக்கொண்டு போய் அந்த ஆறடியில் நின்றார். பள்ளத்தாக்குக்கு முதுகைக் காட்டி, இரண்டு கையையும் விரித்தார். ஒரு பக்கம் கைப்பிடி எட்டியது, மறுபக்கம் எட்டவில்லை. நாலடியாக இருந்திருந்தால் எட்டியிருக்கும்.

வரிசையில் சலசலப்பு எழுந்தது. பெரியவரே தள்ளுங்க என்றார்கள், நாங்களும் வரிசையில்தான் நிற்கிறோம் என்றார்கள், குடித்திருக்கிறார் என்று ஒருத்தர் சொன்னார். வெல்டர் இங்கே ஒரு பிள்ளை செத்துப்போச்சு என்றார். அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். கேட்ட சிலர் உச்சுக் கொட்டினார்கள். அவர்களும் வரிசையை விட்டுப் போகவில்லை.

முன்னால் நின்ற பையன் போனை உயர்த்தி, அளவு பார்த்து, தன்னோடு வந்த பெண்ணைக் கூப்பிட்டான்.

"நீ ஏறு. அவர் நின்னா நிக்கட்டும், அப்புறம் போட்டோல அவரை அழிச்சுக்கலாம்."

அவள் வெல்டருக்கு எட்டாமல் போன கைப்பிடியைப் பிடித்து, பைப்பின் மேல் காலை வைத்தாள்.