துப்பாக்கி முளைத்த விமானம்

நாற்சந்தித் தேர்தல் மேடையருகே நிறுத்தியிருந்த விமானத்துக்கு இரண்டு துப்பாக்கிகள் முளைத்திருந்தன. பெரியக்கா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். சந்தேகமே இல்லை, தண்ணீர்க் குழாய்கள்தான். பற்றவைத்த இடத்தில் பெயின்ட்கூடக் காயவில்லை.

போர்க்காலத்தில் அவருடைய தம்பி ஓட்டியது இதே விமானம்தான். அடிபட்டவர்களைத் தூக்கி வரவென்றே செய்தது. ஸ்ட்ரெச்சர் நுழைய அகலக் கதவு உண்டு. ஆயுதம் என்று ஒரு குண்டூசிகூடக் கிடையாது. உயிரைப் பணயம் வைத்து நாற்பத்து மூன்று நடை போய் வந்தான். பிறகு வக்கீலானான், வாய் வளர்ந்தது. அரசியலுக்கு வந்தான், அந்த வாய்க்கு மைக் கிடைத்தது. அன்றிலிருந்து தேர்தலுக்குத் தேர்தல் அவன் சுட்டு வீழ்த்திய விமானங்கள் கூடிக்கொண்டே போயின. போர் முடிந்து முப்பது வருடமாகியும் எதிரிக்கு நிம்மதியில்லை.

"டேய், என்னடா இது கூத்து?" என்றார், மேடையில் பக்கத்து நாற்காலியில் மாலையோடு இருந்த தம்பியிடம்.

"கட்சிக்காரங்க ஆசைப்பட்டாங்க அக்கா. சும்மா ஒரு அழகுக்கு."

"அழகுக்குத் தோடு போடுவாங்க, துப்பாக்கியா போடுவாங்க? நாலு உயிரைக் காப்பாத்தினேன்னு சொன்னா வாய் வெந்துடுமா?"

"காப்பாத்தினதுக்கெல்லாம் எவன் கைதட்டுவான்?"

"நம்ம அப்பா பேரை முன்னால போட்டுக்கிட்டுப் பேசறே. உண்மையைச் சொல்லு. இல்லேன்னா நான் இந்த மேடையில இருக்க மாட்டேன்."

அக்கா சொன்னால் சொன்னதுதான். தம்பிக்கு அது தெரியும். ஆனால் அதற்குள் மைக் கூப்பிட்டுவிட்டது.

"இந்தத் துப்பாக்கியாலதான் ஒன்பது விமானத்தை..." என்று தொடங்கினான். போன தேர்தலில் ஏழு.

முன்வரிசையில் ஊன்றுகோலுடன் ஒரு முதியவர் எழுந்தார்.

"ஐயா, வணக்கங்க. இந்தக் கதவு வழியாத்தான் என்னை ஏத்திக்கிட்டு வந்தீங்க. கால் போச்சு, உயிர் உங்களால இருக்கு. ஆனா அப்ப இதுல துப்பாக்கி இல்லீங்களே?"

ஒரே ஒரு 'ஆமாம்' போதும், மானம் மிஞ்சிவிடும். ஆனால் மைக்கில் பேசியது தம்பியல்ல, வக்கீல்.

"ஏத்தும்போது நினைவு இருந்ததா?"

"அரை மயக்கங்க."

"உட்கார்ந்து வந்தீங்களா, படுத்தா?"

"படுத்துத்தான்."

"மயக்கத்துல, படுத்துக்கிட்டு, வெளியில துப்பாக்கி இல்லைன்னு எப்படித் தெரிஞ்சது? ஓட்டினது நான்தான்னாவது தெரியுமா?"

முதியவர் தடுமாறினார். "குரல் தெரியுங்க... 'தாங்கிக்கோங்கண்ணே, வந்துட்டோம்'னு வழியெல்லாம் சொல்லிக்கிட்டே வந்தீங்களே..."

"குரலாம்!" என்றான். கூட்டம் கொல்லென்று சிரித்தது. முதியவர் தலை குனிந்து உட்கார்ந்தார்.

இருபது வருட வக்கீல் தொழில் வீண்போகவில்லை. தன் ஆயுளில் செய்த ஒரே பெரிய காரியத்துக்கு வந்த ஒரே சாட்சியை நாலே கேள்வியில் பொய்யனாக்கிவிட்டான். எதிர்க்கட்சிக்காரனால்கூட இவ்வளவு சுத்தமாகச் செய்திருக்க முடியாது.

பெரியக்கா எழுந்தார். முதுகு வளையாமல் படியிறங்கி, முதியவரைக் கைகொடுத்து எழுப்பினார்.

"அக்கா, எங்க போறே?" மைக்கை மூட மறந்து கேட்டான். ஊருக்கே கேட்டது.

"உன் சாட்சியை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்டா. நீ அந்த ஒன்பதோட இவரையும் சேர்த்துப் பத்துன்னு சொல்லிக்கோ. அந்த ஒன்பதை எவனும் பார்க்கல. இவரை நீ வீழ்த்தினதை ஊரே பார்த்துச்சு."