நோயாளிகளுக்கான ஜெபம்

புதுமனைப்பேட்டை லுத்தரன் சபையின் நூறாம் ஆண்டு விழாவுக்கு வந்திருந்தவர்கள்: திருச்சபைத் தலைவர், அவருடைய மனைவி, இருவருக்கும் குடை பிடிக்க ஓர் ஆள்; வேலூரிலிருந்தும் ராணிப்பேட்டையிலிருந்தும் போதகர்கள், வெள்ளை அங்கியும் சிவப்புப் பட்டையுமாக; பந்தலுக்கும் நாற்காலிக்கும் பொறுப்பேற்றிருந்த ஷூ கம்பெனி முதலாளி வக்கார் அகமது, முதல் வரிசையில், எப்போது எழுந்து நிற்பது எப்போது உட்காருவது என்று பக்கத்து ஆளைப் பார்த்துக்கொண்டு; வார்டு கவுன்சிலர், சால்வை வாங்கிய கையோடு கிளம்பிவிட்டார்; சபைச் செயலாளர் தயாளன், புது சஃபாரியில்; மாதர் சங்கம் மொத்தமும் ஒரே நிறப் புடவையில்; சபை மக்கள், பந்தல் கொள்ளாமல் வெயில் வரைக்கும். பிறகு சபைப் போதகர் நவநீதன், சபை மக்களுக்கு 'ஐயர்'.

வராதவர் சூரியபிரகாஷ். அன்று விடியற்காலை அவர் செத்துப்போயிருந்தார். பந்தலில் அது தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் தயாளன். மற்றவர் பிரசங்கம் செய்யப் போகிறவர்.

சூரியபிரகாஷ் தோல் ஷாப்பில் டிரம் ஓட்டியவர். வீடு அளவுக்குப் பெரிய மரப் பீப்பாய்க்குள் ஈரத் தோலும் மருந்துத் தண்ணீரும் சேர்ந்து உருள, அதன் வாயருகே நின்றே வயதைக் கழித்தார். நுரையீரல் போனதும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அணைக்கட்டு என்ற ஊர்ப்பக்கத்து இந்து விவசாயக் குடும்பம். செண்பகத்தைக் கட்டுவதற்காக ஞானஸ்நானம் வாங்கினார் என்று ஊர் சொல்லும். அவரும் மறுத்ததில்லை. ஆனால் படுக்கையில் விழுந்த பிறகு நவநீதன் போகும்போதெல்லாம் அவர் கேட்டது ஒன்றைத்தான்.

"ஐயரே, என்ன எங்க அண்ணன் கைல குடுத்துடாதீங்க. எரிச்சுடுவாரு. கடைசில எங்ககிட்டதாண்டா வருவன்னு என் கல்யாணத்தன்னிக்கே சொன்ன ஆளு. நம்ப கல்லறைத்தோட்டத்துல ஒரு ஓரமா போட்டுடுங்க."

"நான் இருக்கேன்" என்று நவநீதன் ஒவ்வொரு முறையும் சொல்லியிருந்தார்.

அந்தச் சபையில் ஒருவர் இறந்தால் கோயில் மணியை வயதுக்கு ஓர் அடி வீதம் அடிப்பார்கள். விட்டு விட்டு, ஒவ்வோர் அடியும் முழுதாக அடங்கின பிறகே அடுத்தது. தோல் ஷாப்பிலும் ஷூ கம்பெனியிலும் இருப்பவர்கள்கூட எண்ணுவார்கள். எண்ணி முடிப்பதற்குள் யாரென்று தெரிந்துவிடும். மணி அடித்துவிட்டால் அடக்கம் முடியும்வரை கோயில் வளாகத்தில் அடுப்பு எரியக் கூடாது, பாட்டு கூடாது. அதற்காகக் கல்யாணத்தையே தள்ளி வைத்திருக்கிறார்கள். எழுதின சட்டம் இல்லை. எழுதின சட்டத்தை மீறுகிற ஆட்களும் இதை மீறியதில்லை.

விடியற்காலை செண்பகம் போன் செய்தபோது நவநீதன் குளித்துக்கொண்டிருந்தார். ஈரத் தலையோடு கோயிலுக்கு ஓடினார். மணியடிக்கிற பூவம்மாளை எழுப்பத்தான் போனார். வளாகத்தில் தயாளன் நின்றிருந்தார். பின்னால் நான்கு அடுப்புகள் எரிந்துகொண்டிருந்தன. பிரியாணி மாஸ்டர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வெங்காயம் வறுபடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆடெல்லாம் அறுத்தாச்சு ஐயரே" என்றார் தயாளன், விஷயத்தைக் கேட்டதும். இறந்தவருக்காக ஒரு நொடி கண்ணை மூடிக்கொண்டார், அதற்குமேல் மூடவில்லை. "தலைவரு நேத்தே கிளம்பி வாணியம்பாடில தங்கியிருக்காரு. இப்ப மணி அடிச்சா இன்னா ஆவும் சொல்லுங்க."

"அடிச்சுத்தான ஆவணும் தயாளன்."

"யாரு இல்லன்றது? சாப்பாடு முடியட்டும். மத்தியானம் மணிய அடிச்சுட்டு சாயந்தரம் எடுத்துடலாம். ஐஸ் பெட்டி நான் அனுப்பறேன். நூறு வருஷத்துக்கு ஒரு தபா வர்ற விழா ஐயரே. சாவு அப்படியா?"

தயாளன் கட்டாயப்படுத்தினார் என்று நவநீதன் பிற்பாடு சொல்லிக்கொண்டிருக்கலாம். அது பொய். அடுத்த வருஷம் அவருக்கு ஓய்வு. எந்த ஊரிலும் யாரும் அவரைப் பெரிதாகக் கொண்டாடியதில்லை. விழா மலரின் முதல் பக்கத்தில் 'மேய்ப்பனின் சிந்தனைகள்' என்று அவர் எழுதியது அவர் படத்தோடு அச்சாகி, கட்டுக் கட்டாக அலுவலக அறையில் இருந்தது. மை வாசனை இன்னும் போகவில்லை. அவருக்கும் அந்த நாள் வேண்டியிருந்தது.

அவர் சூரியபிரகாஷின் வீட்டுக்குப் போனபோது செண்பகம் புருஷனின் தாடையைத் துணிப்பட்டையால் தலையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டு அன்வரி பேகம் கால் கட்டைவிரல்களைச் சேர்த்துப் பிடித்திருந்தார்.

"மணிச் சத்தம் கேக்கலியே ஐயரே" என்றாள் செண்பகம்.

நவநீதன் சொன்னார். சாப்பாடு, தலைவர், மத்தியானம். சொல்லும்போதே தன் குரல் தயாளனின் குரல் மாதிரி இருப்பது அவருக்குக் கேட்டது. அவள் முடிச்சை இறுக்கிவிட்டு நிமிர்ந்தாள்.

"அவங்க அண்ணனுக்குச் சொல்லிட்டேன். கூடப் பொறந்தவரு, சொல்லாம இருக்க முடியாது. மணி அடிச்சு ஜனம் வந்து நின்னுட்டா அவரால ஒண்ணும் பண்ண முடியாது. நான் ஒண்டி ஆளுன்னா தூக்கிட்டுப் போய்டுவாரு. எனக்கு மணிதான் ஐயரே."

"மத்தியானம் அடிச்சுடுவோம்."

"கண்டிப்பா?"

"கண்டிப்பா."

"இன்னா பாதர் இது" என்றார் அன்வரி பேகம். "எங்கள்ல மய்யித்த இவ்ளோ நேரம் வச்சிருக்க மாட்டோம். சாப்பாடு ஆறிட்டா சூடு பண்ணிக்கலாமே."

நவநீதன் படி இறங்கும்போது சூரியபிரகாஷின் அண்ணன் சின்னசாமி வந்துவிட்டார். டிவிஎஸ்ஸை நிறுத்தினார், தலைப்பாகையை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார், தெருவை இரண்டு பக்கமும் பார்த்தார்.

"இன்னா சாமியாரே, ஒரு ஈ காக்காவக் காணோம்? பெருசா சபை சபைன்னு சொல்வான் எந்தம்பி. உங்க சாமிக்கு இன்னிக்கு லீவா?"

"மத்தியானத்துக்கு மேல எல்லாரும் வருவாங்கங்க."

"சாவுக்கு டோக்கன் குடுக்கறீங்களா?" சின்னசாமி சிரித்தார். கண் சிவந்திருந்தது. "சரி, மத்தியானம் வரைக்கும் உக்காந்திருக்கேன். எந்தம்பி அனாதை இல்ல, அத மட்டும் ஞாபகம் வச்சுக்கோ."

ஆராதனை நன்றாகவே நடந்தது. நவநீதன் நன்றியறிதலைப் பற்றிப் பிரசங்கித்தார். மிஷனரிகள் மாட்டுவண்டியில் வந்ததைச் சொன்னார், பாலாற்றில் தண்ணீர் ஓடிய காலத்தைச் சொன்னார். ஜனங்கள் கேட்டார்கள். தலைவர் இரண்டு இடத்தில் தலையாட்டினார். தெருவிலிருக்கும் ஒரு ஜீவனும் ஆசீர்வாதம் பெறாமல் போய்விடக் கூடாது என்று தயாளன் மின்கம்பத்துக்கு மின்கம்பம் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தார்.

பிரசங்கத்துக்குப் பின் பொது ஜெபம். அதில் நோயாளிகளைப் பேர் சொல்லி ஜெபிப்பது வழக்கம். ஏறக்குறைய ஒரு வருஷமாக முதல் பேர் சூரியபிரகாஷ். நவநீதன் அந்தப் பேரை விட்டுவிடுவதென்று முன்பே முடிவு செய்திருந்தார். மற்ற பேர்களைச் சொல்லிக்கொண்டு போனார்.

மாதர் சங்க வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "சூரியபிரகாஷ உட்டுட்டீங்களே ஐயரே!"

நல்ல மனசோடு வந்த குரல். பந்தல் மொத்தமும் கண்ணைத் திறந்து பார்த்தது. தயாளன் கண்ணைத் திறக்கவே இல்லை. ஆனால் அவர் கழுத்து நரம்பு புடைப்பது மேடையிலிருந்து தெரிந்தது.

செத்தவர்களுக்காக ஜெபிப்பது நம் மார்க்கத்தில் இல்லை என்று திடப்படுத்தல் வகுப்பில் வருஷா வருஷம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவர் நவநீதன். சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம்: சகோதரர் காலமாகிவிட்டார். அதைச் சொல்லியிருக்கலாம். அடுப்புகள் அணைந்திருக்கும், தலைவர் முகம் சுளித்திருப்பார், அவ்வளவுதான். அவர் மைக்கை இன்னும் கொஞ்சம் கிட்டே இழுத்துக்கொண்டார்.

"வியாதிப் படுக்கையிலே இருக்கிற எங்கள் சகோதரன் சூரியபிரகாஷை நினைத்தருளும், ஆண்டவரே. அவருக்குச் சுகம் தந்து, படுக்கையிலிருந்து எழுப்பி, அடுத்த ஓய்வுநாளிலே எங்களோடு உம்மைத் துதிக்கும்படி அழைத்து வாரும்."

"ஆமென்" என்றது சபை. வக்கார் அகமதுவும் மரியாதைக்குச் சொன்னார்.

அதன் பிறகு எதுவும் அவர் கையில் இல்லை. மலர் வெளியீடு, சால்வை, போட்டோ. தலைவர் பேச எழுந்தார், உட்காரவே இல்லை. நவநீதனின் கட்டுரையிலிருந்து ஒரு வரியைக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு இரண்டு தரம் வாசித்தார்: "இந்தச் சபையில் ஒருவரும் தனியாகச் சாவதில்லை." கைதட்டினார்கள். நவநீதன் எழுந்து கும்பிட வேண்டியிருந்தது. மத்தியானம் வந்தது, தாண்டியது. பந்தியில் அவரைத் தலைவருக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். இலையில் விழுந்த சோற்றை அவர் கையால் கிளறிக்கொண்டே இருந்தார். தலைவரின் மனைவி, உப்பு கம்மி என்று நினைத்து, உப்பைத் தள்ளி வைத்தார்.

கடைசிப் பந்தி உட்கார்ந்தபோதுதான் பூவம்மாளைத் தேடிப் பிடித்தார். அவள் மணிக்கூண்டு நிழலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"கை கழுவிட்டு மணி அடி பூவம்மா. சாவு மணி."

"யாருக்கு ஐயரே?"

"சூரியபிரகாஷுக்கு."

அவள் கையில் எடுத்த கவளத்தை இலையிலேயே வைத்தாள். "இப்பதான ஜெபம் பண்ணீங்க. எப்ப போனாரு?"

"காலைல."

பூவம்மாள் அவர் முகத்தைப் பார்த்தாள். இலையை மடித்தாள். "எவ்ளோ வயசு?"

அவருக்குத் தெரியவில்லை. ஒரு வருஷமாக வாரம் தவறாமல் போய் உட்கார்ந்த மனிதரின் வயது தெரியவில்லை. "அம்பதுக்கு மேல இருக்கும். நீ ஆரம்பி. நான் செண்பகத்தக் கேட்டு போன்ல சொல்றேன். சொல்றவரைக்கும் அடிச்சுக்கிட்டு இரு."

செண்பகத்தின் வீட்டுக்கு முன்னால் ஐஸ் பெட்டியை இரண்டு ஆட்கள் குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பெட்டி காலி. அதிலிருந்து ஒழுகின தண்ணீர் சாக்கடை வரைக்கும் ஓடியிருந்தது. சின்னசாமியின் டிவிஎஸ் இல்லை.

உள்ளே செண்பகம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அன்வரி பேகம் கையில் டீ டம்ளரோடு நின்றிருந்தார். டீயில் ஆடை படிந்திருந்தது.

"அவரு எங்க செண்பகம்?"

"அணைக்கட்டுக்கு."

"எப்ப?"

"தலைவரு பேசிட்டு இருந்தாரே, அப்ப." அவள் குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. "தெரு முச்சூடும் ஸ்பீக்கர் கட்டியிருக்கீங்க. எங்க ஊட்டு வாசல்லயே ஒண்ணு. நீங்க ஜெபம் பண்ணும்போது நானும் அவங்க அண்ணனும் பெட்டிக்கு இந்தப் பக்கம் ஒருத்தர் அந்தப் பக்கம் ஒருத்தரா உக்காந்திருந்தோம்."

நவநீதன் வாசல் பக்கம் திரும்பி ஸ்பீக்கரைப் பார்த்தார்.

"மொதல்ல சிரிச்சாரு அந்த மனுஷன். அப்புறம் அழுதாரு. அப்புறம் எழுந்தாரு. 'பொணத்த எழுப்பச் சொல்றான் உங்க ஐயரு. எழுந்தா அவனே வச்சுக்கட்டும். எழல, நான் தூக்கிட்டுப் போறேன்'னாரு. எதப் புடிச்சுக்கிட்டு வேணான்னு சொல்றது ஐயரே நானு? ஒரு ஆளு இல்ல. இந்தம்மாதான் குறுக்க வந்து கத்துனாங்க."

"கத்துனேன்" என்றார் அன்வரி பேகம். "வண்டியோட நாலு ஆம்பளைங்க வந்துட்டாங்க. நான் இன்னா பண்ணுவேன்."

"நீ கூடப் போவலியா செண்பகம்?"

"அவங்க வழக்கத்துல பொம்பள சுடுகாட்டுக்கு வரக் கூடாதாம். ஊருக்கு வா, வளையல் ஒடைக்கணும்னாங்க. வர்லன்ட்டேன்."

"இப்பவே வண்டி எடுத்துக்கிட்டு நான் போறேன். பேசிப் பாக்கறேன்."

"கட்டை அடுக்கிட்டுத்தான் காத்துக்கிட்டு இருந்தாங்களாம், காலைலருந்து. இந்நேரம் எரிஞ்சிருக்கும்."

செய்ய வேறொன்றும் இல்லாமல் நவநீதன் தெரிந்த வேலையைச் செய்தார். கைகளைக் குவித்தார். "ஒரு வார்த்தை ஜெபம் பண்ணட்டுமா செண்பகம்?"

"அதான் பண்ணிட்டீங்களே. மைக்குல."

அப்போது மணி ஆரம்பித்தது. முதல் அடி முழுதாக அடங்கியது. இரண்டாவது. மூன்றாவது. தெருவில் எங்கோ ஒரு ஸ்பீக்கரில் ஓடிக்கொண்டிருந்த பாட்டு பாதியில் நின்றது. அவர் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தார், தயாளன். அழைப்பைத் துண்டித்துவிட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எங்கே நிறுத்துவதென்று பூவம்மாளுக்குத் தெரியாது. அவர்தான் சொல்ல வேண்டும்.

"செண்பகம்" என்றார். "அவருக்கு... வயசு எவ்ளோ?"

அவள் முதல் முறையாக அவரை நேராகப் பார்த்தாள். அழுத கண் இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள், புடவைத் தலைப்பை இடுப்பில் செருகினாள்.

"மணி கேட்டுச்சுல்ல, இப்ப எல்லாரும் வருவாங்க. மாலையோட வருவாங்க. மூஞ்சி எங்க, பாக்கணும்னு கேப்பாங்க. என்னால சொல்ல முடியாது ஐயரே. நீங்க வெளிய நின்னு சொல்லுங்க."

"நான் இன்னா சொல்றது அவங்களுக்கு?"

"அது உங்க வேல."

அவர் அன்வரி பேகத்தைப் பார்த்தார். பேகம் டீ டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நவநீதன் படி இறங்கினார். தெருமுனையில் ஒரே நிறப் புடவைகள் திரும்பிக்கொண்டிருந்தன, வேகமாக, சிலர் வாயைப் பொத்திக்கொண்டு. முன்னால் தயாளன். பின்னால் கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டது. மேல் தாழ்ப்பாள், கீழ்த் தாழ்ப்பாள், பிறகு சாவி இரண்டு முறை திரும்பியது.